தறியூரும் 150 ஹெர்ட்சும்

கைத்தறி மட்டுமே ஓடிய காலத்துத் தேவிகாபுரத்தில், ஆரணி வட்டாரத்தின் மற்றப் பட்டு நெசவூர்களைப் போலவே, மின்சாரத்தின் முதன்மையான வேலை பாவின் மேல் வெளிச்சம் விழச் செய்வதாகவே இருந்தது. அதற்கெனத் தொங்கிய குண்டு பல்பு, மின்னழுத்தம் ஏறி இறங்கும் அதே வடிவில் மின்னோட்டத்தையும் இழுத்ததால், நொடிக்கு 50 முறை அலையும் மின்னலையின் உருவம் குலையவில்லை. எல்.ஈ.டி. விளக்கு, கைப்பேசிச் சார்ஜர், தறியில் கோலம் நெய்ய உதவும் மின்னணு ஜக்கார்டு ஆகியவற்றினுள் உள்ள திருத்தியோ, அதாவது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் உறுப்போ, பெரும்பாலும் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை உறிஞ்சி அந்த அலையைச் சிதைக்கிறது. இத்தகைய அலையை ஓர் அடிப்படை அலையாகவும் அதன் மடங்குகளாகவும் பிரிக்கும் கணக்கை பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெப்பம் பற்றிய நூலில் விளக்கியிருந்தார். 150, 250, 350 ஹெர்ட்ஸ் என வரும் அம்மடங்குகளே சீரிசைகள், மின்பொறியாளர் வழக்கில் ஹார்மோனிக்ஸ்.

இவற்றின் பிறப்பிடத்தைத் தேடிய முதல் முயற்சிகளுள் ஒன்று 1893இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்தது. அங்கு மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறியதற்கு மோட்டார் காரணமன்று என்பதும், மின்னாக்கியில் பிறந்த சீரிசைகளைக் கம்பித்தொடரின் ஒத்ததிர்வு பெருக்கியதே காரணம் என்பதும் அலையைப் புள்ளி புள்ளியாக அளந்த பிறகே தெரியவந்தன. நோவு ஓரிடம், நோய்முதல் வேறிடம் என்ற இந்தச் சிக்கல் பின்னர் விடவே இல்லை: பாதரச வில் திருத்திகள் பரவிய காலத்தில் பக்கத்துத் தொலைபேசிக் கம்பியின் இரைச்சலே துப்பாக அமைந்தது, சீரிசை ஆற்றல் எத்திசையில் பாய்கிறது என்று அளந்து குற்றவாளியைச் சுட்டும் முறை பிற்பாடு வந்தபோதும், இருபுறமும் மூலங்கள் இருந்தால் அது பொய் சொல்லக்கூடும் என்பது கண்டறியப்பட்டது. மிகுதியான சீரிசை பாய்ந்து வீங்கிப்போகும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டதே அன்றி மூலமன்று.

ஆகவே அலையின் கைரேகையே ஓரளவு நம்பத்தக்க தடயம்: மும்முனை மோட்டார்களின் வேகத்தை மாற்றும் ஆறு துடிப்புக் கருவிகள் 5, 7ஆம் மடங்குகளையும், வீட்டு ஒருமுனைக் கருவிகள் பெரிதும் 3ஆம் மடங்கையும் விடுகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு விதிகள் மின்னழுத்தச் சிதைவுக்கு 5 சதவீத வரம்பு விதித்தன; தமிழக மின்கட்டண ஆணைகள் வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோரிடம் இழப்பீடும் கேட்கின்றன. இவ்வேற்பாடு ஒரு பெரிய உலைக்குப் பொருந்தும். தறியூரில் தெருவுக்குத் தெரு சிதறிய சிறு மூலங்களுக்குப் பொருந்தாது. சமமாகப் பகிர்ந்த மூன்று முனைகளின் அடிப்படை மின்னோட்டங்கள் நியூட்ரல் கம்பியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, 150 ஹெர்ட்ஸ் பங்குகள் மட்டும் அழியாமல் கூடுவதால், எந்த ஒரு வீட்டு மீட்டரும் காட்டாத சூடு டிரான்ஸ்பார்மர் அடியில் அந்த ஒற்றைக் கம்பியில் தேங்குகிறது.