விரல் மடங்குதா? நரம்பைக் கவனிங்க!

முழங்கை கதவில் இடித்தால், ஷாக் அடிச்ச மாதிரி சுண்டுவிரல் வரை சுருக்குனு ஓடுமே... அது எலும்பு வலி இல்லை. முழங்கையின் உட்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே போகும் அல்னார் நரம்பில் பட்ட அடி. இடித்தால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால், நரம்பே பழுதானால் கையின் உருவமே மாறிவிடும்.

நம் கையை இயக்குபவை முக்கியமாக மூன்று நரம்புகள்: ரேடியல், மீடியன், அல்னார். விரலை மடக்கும் தசைகளும் நீட்டும் தசைகளும் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இருபுறமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நரம்பு செயலிழந்தால் ஓர் அணி கயிற்றை விட்டுவிடும். எதிரணி இழுக்கும் பக்கம் விரல் கோணிவிடும்.

மணிக்கட்டு தொங்கினால்...

ரேடியல் நரம்பு மேல்கை எலும்பை ஒட்டிச் சுற்றி வருகிறது. அந்த எலும்பு முறிந்தாலோ, நாற்காலியின் மேல் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கினாலோ பாதிக்கப்படலாம். மணிக்கட்டைத் தூக்கவே வராது. தூக்கத்தில் அழுந்தியதால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும்.

கட்டைவிரல் ஒத்துழைக்காவிட்டால்...

இது மீடியன் நரம்பின் வேலை. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்தாலோ, அங்கே நரம்பு நெடுநாள் நசுங்கினாலோ கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிடும். சட்டைப் பட்டன் போடுவதுகூட கஷ்டம்தான்.

சுண்டுவிரல், மோதிரவிரல் வளைந்தால்...

அல்னார் நரம்பு பழுதானால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்கும். விரலின் அடி மூட்டு பின்னால் சாய, நுனிப்பக்கம் உள்ளே மடங்கும். பருந்தின் கால்போலத் தெரியும். தொழுநோயில் அதிகம் பாதிக்கப்படுவதும் இந்த நரம்புதான். அப்படி மடங்கிய விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி மறுபடி இயங்கவைத்தவர் வேலூர் சி.எம்.சி-யில் 1946-ல் சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட்.

ஏன் சீக்கிரம் போகணும்?

அறுந்த நரம்பைத் தைத்தாலும், அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மேல்கையில் அறுந்தால் விரல் வரை வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். நரம்பின் தொடர்பு இல்லாமல் ஒன்றரை வருஷம் கிடந்த தசை மீள்வது அரிது. ‘தையல் போட்டாச்சு, மரத்துப்போனது தானா போயிடும்’னு காத்திருப்பதில் போவது இந்த நாள்கள்தான். எண்ணெய் தேய்த்து நீவினால் அறுந்த நரம்பு ஒட்டாது. நரம்பு வளரும்வரை மூட்டு இறுகாமல் காப்பது பிசியோதெரபியும் தாங்குபட்டையும்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை: கட்டைவிரலை நீட்டி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு பேப்பரை அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் அதை இழுக்கட்டும். கட்டைவிரல் நுனி மடங்கினால் அல்னார் பலவீனமாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல், சுட்டாலும் தெரியாத விரல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கான மருந்து அங்கே இலவசம். விரல் மடங்கும்முன் போனால், மடங்காமலே காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.