முகமதிப்பில் வெள்ளி: ஜெர்மனியின் நினைவு நாணயங்கள்

ஓர் அரசு வெள்ளியில் நினைவு நாணயம் அடித்து, அதில் பொறித்த தொகைக்கே அதை விற்பதுதான் முகமதிப்பு விற்பனை. பத்து யூரோ என்று பொறித்திருந்தால் வங்கியில் பத்து யூரோ கொடுத்து வாங்கலாம். வேண்டாம் என்றால் அதே பத்து யூரோவுக்குச் செலவழிக்கலாம். வாங்கியவருக்குக் கையிழப்பு இல்லை. அழகான பொருளை நட்ட பயமின்றிச் சேர்க்கலாம் என்பதால், செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த நாணய சேகரிப்பு இதனால் தபால்காரர், பள்ளி மாணவர், ஓய்வூதியர் வரை இறங்கி வந்தது. கனடா, ஆஸ்திரியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகியவையும் இவ்வகை நாணயங்களை வெளியிட்டுள்ளன. ஆனால் இந்த முறையின் பலமும் பலவீனமும் மிகத் தெளிவாகத் தெரிவது ஜெர்மனியில்தான். நாணயத்திலுள்ள வெள்ளி, பொறித்த தொகையைவிட மலிவாக இருக்கும்வரை மட்டுமே இந்த ஏற்பாடு நிலைக்கும். வெள்ளி விலை ஏறிய ஒவ்வொரு முறையும் அங்கே சட்டமோ உலோகமோ மாற வேண்டியிருந்தது.

இதன் வேர் பவேரியாவில் இருக்கிறது. 1825 முதல் 1848 வரை ஆண்ட மன்னர் முதலாம் லுட்விக், நாட்டின் முக்கிய நிகழ்வுகளை வெள்ளித் தாலர்களில் பொறிக்கச் செய்தார். இவை ‘வரலாற்றுத் தாலர்கள்’ எனப்பட்டன. நியூரம்பெர்க்கிலிருந்து ஃபுயர்த் நகருக்கு 1835இல் ஓடிய ஜெர்மனியின் முதல் நீராவி ரயிலுக்கும் ஒரு தாலர் உண்டு. அவற்றில் இருந்த வெள்ளி, சாதாரணத் தாலரின் வெள்ளிக்குச் சமம். ஆகவே பொறித்த மதிப்புக்கும் உலோக மதிப்புக்கும் இடைவெளி என்ற பேச்சே அன்று எழவில்லை. 1870களில் புதிய ஜெர்மன் பேரரசு தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட மார்க் நாணய முறைக்கு மாறியதும் அந்த இடைவெளி பிறந்தது. உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. 3 மார்க் நாணயத்தில் 15 கிராம் தூய வெள்ளி இருந்தாலும் அதன் சந்தை விலை 3 மார்க்குக் குறைவுதான். எஞ்சிய தொகை அரசின் ஆதாயம். பேரரசுக் காலத்தில் அந்தந்த மாநிலங்களே நினைவு நாணயங்களை வெளியிட்டன. லைப்சிக் போரின் நூற்றாண்டுக்காக 1913இல் சாக்சனி வெளியிட்ட 3 மார்க் அவற்றுள் புகழ்பெற்றது.

முதல் உலகப் போரின்போது மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். பின்னர் வந்த பெரும் பணவீக்கத்தில் நாணயம் என்பதே பொருளற்றுப் போனது. வைமார் குடியரசு 1925இல் ரைன்லாந்தின் ஆயிரமாண்டு நினைவாக மீண்டும் தொடங்கியபோது வெள்ளியின் தூய்மை ஆயிரத்துக்கு 500 பங்காகக் குறைந்திருந்தது. ‘கிராஃப் செப்பலின்’ வான்கப்பல் 1929இல் உலகைச் சுற்றி வந்ததைப் போற்றும் 1930ஆம் ஆண்டு நாணயங்கள் இந்த வரிசையில் பலருக்கும் பிடித்தவை. கதே மறைந்த நூற்றாண்டுக்கு 1932இல் வந்த 5 மார்க் நாணயம் சுமார் 20,000 மட்டுமே அடிக்கப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் 5 மார்க்கை இழுப்பறையில் வைத்துவிட எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அன்று வாங்க முடியாமல் போனதுதான் இன்று அது அரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

இன்றைய சேகரிப்பு மரபு 1952இல் தொடங்குகிறது. நியூரம்பெர்க்கின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தின் நூற்றாண்டுக்காக மேற்கு ஜெர்மனி முதல் 5 மார்க் நினைவு நாணயத்தை அடித்தது. எடை 11.2 கிராம், தூய்மை 625. அதாவது சரியாக 7 கிராம் வெள்ளி. கடைகளில் புழங்கிய சாதாரண 5 மார்க்கும் இதே எடை, இதே வெள்ளி. முகப்பில் ஆஸ்ட்ரோகாத் இனத்தாரின் கழுகு வடிவ அணி ஒன்று பொறிக்கப்பட்டது. 1955இல் கவிஞர் ஷில்லருக்கும் பாடன் நாட்டுப் பிரபு லுட்விக் வில்ஹெல்முக்கும், 1957இல் கவிஞர் ஐஷெண்டோர்ஃபுக்கும் நாணயங்கள் வந்தன. ஷில்லர் நாணயத்தின் விளிம்பில் அவருடைய ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகச் சொற்கள் ஓடுகின்றன. இந்த நான்கும் தலா சுமார் 2 லட்சம். 1964இல் தத்துவஞானி ஃபிக்டேவுக்கு வந்தது 5 லட்சம். இவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘முதல் ஐந்து’ என்பார்கள். போருக்குப் பின் வீடு கட்டுவதிலும் வயிற்றைக் கழுவுவதிலும் மூழ்கியிருந்த மக்கள் இவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. நல்ல நிலையிலுள்ள 1952ஆம் ஆண்டு நாணயம் இன்று பல நூறு யூரோ பெறும்.

இந்த விலையேற்றம் தெரிந்ததும் நிலைமை தலைகீழானது. எல்லோரும் வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். அரசும் அதற்கேற்ப அச்சைப் பெருக்கியது. 1966இல் லைப்னிட்ஸ் நாணயம் 20 லட்சம். 1971இல் ஓவியர் டூரர் நாணயம் 80 லட்சம். முகமதிப்புக்குக் கிடைக்கும் நாணயத்தில் பெரும் செல்வம் சேராது என்பதற்கு இந்த எண்களே சான்று. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நியாயமும், அரிதாக இருப்பதால் வரும் விலையும் ஒரே நாணயத்தில் நெடுநாள் சேர்ந்திருப்பதில்லை. அந்த நியாயமே இதன் பெருமை என்பதால், விலை ஏறவில்லை என்று குறைபடுவது முறையாகாது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இந்த முறை அதன் பேரளவை எட்டியது. விளையாட்டுச் செலவுக்குப் பணம் திரட்ட 15.5 கிராம் எடையுள்ள 10 மார்க் வெள்ளி நாணயங்கள் வெளியாயின. மொத்தம் 10 கோடி. அன்றைய மேற்கு ஜெர்மனியின் மக்கள்தொகையைவிட அதிகம். ஒவ்வொன்றிலும் 9.7 கிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளி. அடிக்கும் செலவுக்கும் 10 மார்க்குக்கும் இடையிலான தொகை ஒலிம்பிக் ஏற்பாடுகளுக்குச் சென்றது. முதல் நாணயத்தில் போட்டி ‘ஜெர்மனியில்’ நடப்பதாகப் பொறித்திருந்ததைக் கிழக்கு ஜெர்மனி எதிர்த்தது. இரண்டு ஜெர்மனிகளில் ஒன்று முழுப் பெயரையும் எடுத்துக்கொள்வதா என்பது அதன் வாதம். ஒரு கோடி நாணயங்கள் அடித்த பிறகு வாசகம் ‘மியூனிக்கில்’ என்று மாறியது. இவ்வாறு ஆறு வடிவங்கள். ஒவ்வொன்றையும் மியூனிக் (D), ஷ்டுட்கார்ட் (F), கார்ல்ஸ்ரூ (G), ஹாம்பர்க் (J) ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் அடித்தன. முழுத் தொகுப்புக்கு 24 நாணயங்கள் வேண்டும். நாணயச்சாலையைக் குறிக்கும் சிறு எழுத்து ஒன்றைத் தேடி மாற்றிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொகுப்பால் ஆயிரக்கணக்கான வீடுகளில் பரவியது. கிழக்கு, மேற்கு இணைப்புக்குப் பின் பெர்லினின் A எழுத்தும் சேர்ந்துகொண்டது.

அடுத்து வந்தது வெள்ளியின் முதல் பெரும் அடி. புழக்கத்திலிருந்த 5 மார்க் வெள்ளி நாணயம் 1975இல் திரும்பப் பெறப்பட்டு, செம்பு-நிக்கல் நாணயம் வந்தது. நினைவு நாணயங்கள் மட்டும் வெள்ளியில் தொடர்ந்தன. 1979இல் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவிக்க, விலை மளமளவென ஏறியது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனத்தின் 150ஆம் ஆண்டுக்கு வந்ததே கடைசி வெள்ளி 5 மார்க். அணுப்பிளவைக் கண்டறிந்த ஓட்டோ ஹானின் நூற்றாண்டு நாணயம் வெள்ளியில் அடித்து முடிந்திருந்தது. அதை 5 மார்க்குக்குக் கொடுத்தால் வாங்குபவர் நேரே உருக்கும் உலைக்குத்தான் கொண்டுபோயிருப்பார். ஆகவே அரசே அவற்றை உருக்கிவிட்டு, அதே வடிவத்தைச் செம்பு-நிக்கலில் வெளியிட்டது. உருக்காமல் தப்பிய மிகச் சில வெள்ளிப் பிரதிகள் ஜெர்மன் நாணயங்களிலேயே மிக அரியவை.

1986 வரை 5 மார்க் நினைவு நாணயங்கள் வெள்ளியின்றியே வந்தன. பெர்லின் நகரின் 750ஆம் ஆண்டான 1987இல் அரசு ஒரு வழி கண்டது. முகமதிப்பை 10 மார்க்காக இரட்டித்தால் வெள்ளிக்கு மீண்டும் இடம் கிடைக்கும். 1998இல், வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையின் 350ஆம் ஆண்டில், தூய்மை 625இலிருந்து 925ஆக உயர்ந்தது. வெள்ளி மலிந்து கிடந்த காலம் அது.

யூரோ வந்ததும் 2002இல் முதல் 10 யூரோ நாணயம் அந்தப் புதிய பணத்தின் வருகையையே கொண்டாடியது. எடை 18 கிராம், தூய்மை 925, தூய வெள்ளி 16.65 கிராம். சாதாரணத் தரம் மத்திய வங்கிக் கிளைகளிலும் மற்ற வங்கிகளிலும் முகமதிப்புக்குக் கிடைத்தது. கண்ணாடிபோல் மெருகேற்றிய தரத்தை அரசு விற்பனை அலுவலகம் கூடுதல் விலைக்கு விற்றது. இவ்வகைச் சேகரிப்பு நாணயம் ஜெர்மனிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். எல்லை தாண்டி பிரான்சில் அதை நீட்டினால் கடைக்காரர் வாங்கவேண்டியதில்லை.

இந்த நாணயத்தின் கணக்கு எளிது. ஓர் அவுன்ஸ் வெள்ளி சுமார் 18.70 யூரோவைத் தாண்டினால் உள்ளிருக்கும் வெள்ளியே 10 யூரோவை மிஞ்சிவிடும். 2010 இறுதியில் அது நடந்தது. லுட்விக் மன்னர் தாலரில் பொறித்த அதே ரயிலின் 175ஆம் ஆண்டு நாணயம் 2010இல் வெள்ளியில் வந்துவிட்டது. 2011 முதல் முகமதிப்புக்கு விற்கும் தரம் 14 கிராம் செம்பு-நிக்கலாக மாறியது. மெருகேற்றிய தரத்தில் மட்டும் 10 கிராம் வெள்ளி எஞ்சியது. உலோகம் போனதும் பலர் வாங்குவதை நிறுத்தினார்கள். கையில் கனமும் வெள்ளிக்கே உரிய மென்மையான ஒளியும் இல்லாத நாணயத்தை அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. 2016இல் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பொறித்த 20 யூரோ நாணயத்துடன் அரசு மீண்டும் 1987ஆம் ஆண்டு வழிக்கே திரும்பியது: முகமதிப்பு இரு மடங்கு, உள்ளே பழைய 16.65 கிராம் வெள்ளி. இதற்கான கோடு அவுன்சுக்குச் சுமார் 37 யூரோ. 2025 இலையுதிர் காலத்தில் வெள்ளி அதையும் கடந்தது.

எதிர்த் திசையில் போனால் என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. அந்நாட்டு அரச நாணயச்சாலை 2011இல் 7.96 கிராம் தூய வெள்ளி நாணயத்தில் 20 டாலர் பொறித்து, 20 டாலருக்கே விற்றது. உள்ளிருந்த வெள்ளியின் விலை அதில் ஏறத்தாழப் பாதி. பிறகு 50, 100 டாலர் நாணயங்களும் வந்தன. வெள்ளி இறங்கியதும் பலர் நாணயத்தைப் பணமாக்க விரும்பினார்கள். ஆனால் இவற்றை வாங்கிக்கொள்ள வங்கிகளுக்கோ கடைகளுக்கோ கட்டாயம் இல்லை. முகமதிப்பு வாக்குறுதி, அதைக் காப்பாற்றும் கவுண்டர் இருந்தால்தான் வாக்குறுதி.

ஜெர்மன் மத்திய வங்கி அந்தக் கவுண்டரைத் திறந்தே வைத்திருக்கிறது. பழைய மார்க் நாணயங்களை, நினைவு நாணயங்கள் உட்பட, காலக்கெடு இல்லாமல் 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்ற விகிதத்தில் அது மாற்றித் தருகிறது. செம்பு-நிக்கல் 5 மார்க்குக்கு 2.56 யூரோ கிடைக்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. 1998 முதல் 2001 வரை வந்த 10 மார்க்குக்குக் கிடைப்பது 5.11 யூரோ. அதில் 14.34 கிராம் வெள்ளி இருப்பதால், அதைக் கவுண்டருக்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொள்வதே மேல்.