பேட்டையும் புறநகரும்: பிம்ப்ரி-சிஞ்ச்வட் முன்வைக்கும் கணக்கு

புறநகரில் வாழ்வது நன்றா, நகரின் நடுவில் வாழ்வது நன்றா என்னும் வினா, வீடு தேடும் குடும்பங்களில் நாள்தோறும் எழுவது. வாடகை, காற்று, பள்ளி, பயண நேரம் என்று வரவும் செலவும் இரு பத்திகளில் எழுதி விடை காண்பது வழக்கம். வரலாற்று மாணவருக்கு இக்கணக்கு போதாது. ஒரு குடும்பம் தன் ஏட்டில் வரவாக எழுதுவது, சற்றுத் தொலைவில் வாழும் மற்றொரு குடும்பத்தின் ஏட்டில் செலவாக ஏறியிருக்கலாம். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்க ஏற்ற ஊர், புனேக்கு வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் உள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநகராட்சியில் வாழ்ந்தோர் 17.27 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் கோயம்புத்தூர், மதுரை ஆகிய இரு மாநகராட்சிகளையும் விட அது பெரியது. ஆயினும் வெளியூரார் பலருக்கு இன்றும் அது 'புனேயின் புறநகர்' மட்டுமே. இந்தப் பெயருக்கும் இந்த எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள முரண் எவ்வாறு உருவாயிற்று என்பதிலிருந்து தொடங்கலாம்.

1. ஒவ்வொரு நடுவும் ஒரு காலத்தில் விளிம்பே

தமிழில் நாம் பேட்டை என்பதை மராத்தியில் 'பேட்' என்பர். பேஷ்வா முதலாம் பாஜிராவ் காலத்தில், 1730-இல், சனிவார் வாடா அரண்மனைக்கு அடிக்கல் இடப்பட்டது. அதன்பின் கஸ்பா என்னும் பழைய ஊரைச் சுற்றிப் பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வணிகத் தலைவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்து, குடியேறுவோருக்கு வரிச்சலுகை தந்து, வெற்று நிலத்தை ஊராக்குவதே அக்கால முறை. இன்று 'அசல் புனே' என்பதன் அடையாளமாகச் சுட்டப்படும் சதாசிவ் பேட் அவ்வாறு உருவான ஒரு விரிவாக்கப் பகுதிதான்.

அப்பேட்டைகளுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கத்தக்கது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகிப் பேஷ்வா தெற்கே காத்ரஜில் ஏரி கட்டி, நிலத்தடிக் கால்வாய் வழியே நகருக்கு நீர் கொணர்ந்தார். விளிம்பிலிருந்து நடுவுக்கு நீர் பாயும் வழக்கம் புனேயில் அன்றே தொடங்கிவிட்டது.

1817-இல் கட்கிப் போரில் பேஷ்வா படை தோற்றபின், கட்கியிலும் புனேயின் கிழக்கிலும் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தனர். 1869-இல் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. இப்பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்த விளிம்பு நகர் வரலாற்றின் ஒரு பகுதியே.

அந்நாளில் சிஞ்ச்வட் தனி ஊர். மோரயா கோசாவியின் சமாதியும் கணபதி வழிபாடும் அதன் பெருமை. 1897-இல் பிளேக் நோய்க் காலத்துச் சோதனைகளின் கொடுமையால் வெகுண்டு, அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்களின் ஊரும் அதுவே. பிற்காலத்தார் 'வெற்று நிலம்' எனக் கருதிய இடத்துக்கு ஏற்கெனவே ஒரு நெடிய வரலாறு இருந்தது. புறநகர் பற்றிய பேச்சுகளில் முதலில் மறக்கப்படுவது இதுவே.

2. ஆலைகள் வந்த காலம்

1947 பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் பிம்ப்ரியில் குடியமர்த்தப்பட்டனர். 1954-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அங்கே நிறுவப்பட்டது. பென்சிலின் இந்திய மண்ணில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவானது. பம்பாயின் நெரிசலிலிருந்து ஆலைகளை வெளியே கொண்டுசெல்ல விரும்பிய அரசுக்கு, 1858 முதல் ரயில் ஓடிய பம்பாய்–புனே தடத்தின் ஓரத்து நிலங்கள் வாய்ப்பாக அமைந்தன. டெல்கோ, பஜாஜ் ஆட்டோ போன்ற பெரும் ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் போசரியில் பெருகின.

இதே காலத்தில் புனே நகரமும் வேறொரு காரணத்தால் விரிந்தது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து, அதன் வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்தபோது, முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. வீடிழந்தோருக்காகக் கோகலே நகர், சககார் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. நகரின் நடுவில் வாழ்வது பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அந்த ஒரு நாள் அசைத்தது.

1970-இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய நான்கு ஊர்களும் சேர்ந்து ஒரு நகராட்சியாயின. 1982-இல் அது மாநகராட்சியானது. இம்முடிவின் விளைவை உணர, சென்னையோடு ஒப்பிடலாம். 1960-களில் தொழிற்பேட்டையால் வளர்ந்த அம்பத்தூர், தனி நகராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் அவ்வாறு கரையவில்லை. ஆலைகளுக்குள் நுழையும் சரக்கின் மீதான ஆக்ட்ராய் வரி அதன் கருவூலத்திலேயே சேர்ந்தது. அகன்ற சாலைகள், மேம்பாலங்கள், யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை ஆகியவை ஊரின் தனி வருவாய் தந்த பயன்கள். தொழிலாளர் வாழும் ஊரின் வரி அவ்வூரிலேயே செலவானது, புறநகர் வாழ்வின் நன்மைகளுள் முதலிடத்தில் வைக்கத்தக்கது.

அந்த நன்மைக்கு ஓர் எல்லையும் இருந்தது. ஆலையை நம்பிய ஊர் ஆலையோடு சேர்ந்தே தளரும். 2007-இல் பஜாஜ் ஆட்டோ ஆகுர்டி ஆலையில் வாகன உற்பத்தியை நிறுத்தியது. ஆக்ட்ராய் ஒழிந்து, பின்னர் 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், ஊரின் பெருவருவாய் மாநில அரசு தரும் ஈட்டுத்தொகையைச் சார்ந்ததாயிற்று.

3. பிராதிகரணும் குண்டா நிலமும்

ஆலைத் தொழிலாளருக்கு வீடு வேண்டும் என்ற நோக்கில் 1972-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. மக்கள் வழக்கில் அதன் பெயர் 'பிராதிகரண்'. நிகடிப் பகுதியில் அது வகுத்த செக்டர்கள் மரநிழலும் திறந்தவெளியும் கொண்டவை. புறநகர் வாழ்வைப் புகழ்வோர் காட்டும் படம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ஆணையம் வீட்டுமனை வழங்கிய வேகத்துக்கும் தொழிலாளர் வந்து சேர்ந்த வேகத்துக்கும் பொருத்தமில்லை. 1991-இல் சுமார் 5.17 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2001-இல் ஏறத்தாழ 10 லட்சமானது. மனை கிடைக்காதவர்கள் விவசாயிகளிடம் அரைக் குண்டா, ஒரு குண்டா என நிலம் வாங்கினர். 40 குண்டா ஓர் ஏக்கர். ஒரு குண்டா 1,089 சதுர அடி. முறையான மனைப்பிரிவு ஒப்புதலின்றி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி எழுப்பிய வீடுகள் அவை. சட்டத்தின் மொழியில் அவை 'அங்கீகாரமற்ற கட்டுமானங்கள்'. அவற்றின் மீது சொத்துவரியின் இரு மடங்குவரை 'சாஸ்தி கர்' என்னும் தண்டவரி விதிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2023-இல்தான் மாநில அரசு அதனைத் தள்ளுபடி செய்தது.

ஆணையத்துக்கு நிலம் தந்த விவசாயக் குடும்பங்களின் நிலையும் எளிதாக இல்லை. கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்திய மனையாகத் திரும்பத் தரவேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பல பத்தாண்டுகள் இழுபட்டது. 2021-இல் ஆணையமே கலைக்கப்பட்டது.

ஆக, ஒரே மாநகராட்சிக்குள் மூவகை வாழ்வு. மனை பெற்றவருக்குப் புறநகர் வரவு. பெறாதவருக்கு அச்சத்தோடு கூடிய உடைமை. நிலம் தந்தவருக்கோ நிலுவை. தூரமும் காற்றும் மூவருக்கும் ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியவை அவர்கள் வந்த ஆண்டும் கையிலிருந்த ஆவணமுமே.

4. பவனாவின் நீர்

இக்கணக்கின் கடினமான பக்கம் நீரைப் பற்றியது. மாவள் வட்டத்தில் பவனா அணை 1970-களின் தொடக்கத்தில் எழுந்தது. நிலம் இழந்த குடும்பங்கள் பலவற்றின் மறுகுடியமர்வு முழுமை பெறாமலே காலம் கடந்தது. அணையிலிருந்து திறக்கும் நீர் ஆற்றின் வழியே வந்து, ராவேத்தில் நகருக்காக இறைக்கப்பட்டது. வழியிலுள்ள ஊர்களின் வயல்களும் அந்த ஓட்டத்தால் பயன்பெற்றன.

நகரம் பெருகியபோது, அணையிலிருந்தே மூடிய குழாயில் நீர் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டது. இழப்பும் மாசும் குறையும் என்ற வாதத்தில் பொறியியல் நியாயம் இருந்தது. ஆறு வற்றினால் தங்கள் பாசனம் என்னாகும் என்ற மாவள் விவசாயிகளின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று மும்பை–புனே விரைவுச்சாலையில் நடந்த போராட்டத்தில் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மூவர் இறந்தனர்; அவர்களுள் ஒருவர் பெண். திட்டப்பணி நிறுத்தப்பட்டது.

2019 நவம்பர் முதல் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் டேங்கர் லாரி அன்றாடக் காட்சியானது. நீரின்றித் தவிக்கும் நகரவாசியைக் குற்றவாளியாக்குவது எளிது, அது நேர்மையன்று. அவர் வீட்டை விற்றவர் நீரைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. ஆயினும் அவர் சமையலறைக் குழாயின் மறுமுனையில் ஒரு வயலும் மூன்று உயிர்களும் உள்ளன என்பதை வரலாறு பதிவு செய்தாக வேண்டும்.

5. எல்லைக் கோடு நகரும்போது

விளிம்பு இப்போது மேலும் வெளியே நகர்ந்துவிட்டது. ஹிஞ்சவாடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் அவ்வூர்கள் நெடுங்காலம் ஊராட்சி எல்லைக்குள்ளேயே இருந்தன. உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதும் இடத்தின் சாக்கடைக்கும் சாலைக்கும் சிற்றூர் நிர்வாகமும் தொழில் வளர்ச்சிக் கழகமும் பொறுப்பேற்கும் நிலை. அங்கு மழைநாளில் தேங்கும் நீரும் மாலையில் தேங்கும் வாகனங்களும் இந்த நிர்வாக இடைவெளியின் விளைவுகளே.

எதிர்ப்புறத்தில், புனேயின் தென்கிழக்கே உருளி தேவாச்சி, புர்சுங்கி என்னும் இரு ஊர்கள். புனே நகரின் குப்பையை 1990-கள் முதல் சுமந்தவை அவை. நிலத்தடி நீர் கெட்டது. மக்கள் குப்பை லாரிகளை மறித்துப் பலமுறை போராடினர். 2017-இல் அவ்விரு ஊர்களும் பிற 9 ஊர்களோடு புனே மாநகராட்சியில் இணைக்கப்பட்டன. வரி உயர்ந்தது, வசதி அதற்கேற்ப வரவில்லை என்ற குறை எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்விரண்டையும் வெளியே எடுத்துத் தனி நகராட்சியாக்க மாநில அரசு முடிவெடுத்தது. 2021-இல் மேலும் 23 ஊர்கள் சேர்ந்தபோது பரப்பளவில் மும்பையை விஞ்சியது புனே மாநகராட்சி. கோடு வரைவது எளிது, குழாய் பதிப்பது கடினம் என்பதற்கு இந்த ஊர்கள் சான்று.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு ஹடப்சரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை விற்காமல், அதனையே முதலாக்கிப் பங்குதாரர்களாகி, 2000-ஆம் ஆண்டளவில் மகர்பட்டா நகரை எழுப்பின. நிலம் நகரமானபோது நிலத்துக்குரியவர் வெளியேற வேண்டியிருக்கவில்லை. எல்லா ஊர்களிலும் இது இயலாது. நிலம் தொடர்ச்சியாக இருத்தல், குடும்பங்களிடையே உறவும் நம்பிக்கையும் இருத்தல், நகரின் எல்லைக்குள் இருத்தல் என்ற அரிய நிலைமைகள் அங்கே கூடிவந்தன. அந்நகரில் குடியேறிய வெளியூர்த் தொழிலாளிக்கு, குறிப்பாக வீட்டுவேலைக்கும் காவல்பணிக்கும் வருவோருக்கு, அங்கே வீடு எட்டாக்கனியே என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

6. கணக்கை மீண்டும் எழுதுதல்

தூரம் பெருங்குறை என்பது மரபான வாதம். ஆனால் தூரம் மாறக்கூடியது. 1978-இல் புனே–லோணாவளா மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2007-இல் இரு மாநகரங்களின் பேருந்துக் கழகங்கள் ஒன்றாயின. 2022 மார்ச்சில் மெட்ரோ பிம்ப்ரியிலிருந்து புறப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் பயணம் பலமுறை சுருங்கியது. மாறாதிருந்தவை மூன்று: நீர் யாருடையது, வரி எங்கே செலவாகிறது, நிலம் தந்தவர் என்ன பெற்றார்.

இம்மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், பிம்ப்ரி-சிஞ்ச்வட் இரண்டாவதில் நன்கு தேறிய ஊர். தன் வருவாயைத் தானே ஆண்டதால், ஒரு புறநகர் வெறும் படுக்கையறை ஊராகச் சுருங்காமல் தன்னளவில் நகரமாக முடியும் என்று அது காட்டியது. முதற் கேள்விக்கும் மூன்றாவதற்கும் அது தந்த விடை இன்னும் முடிவுறவில்லை; அவ்விடையின் சுமை மாவளிலும் குண்டா வீடுகளிலும் இருக்கிறது.

நகரியல் ஆய்வுகள் புறநகரை நகரத்தின் நீட்சியாகவே வாசித்துப் பழகியவை. அதனை ஊரின் முடிவாகவும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இரு ஏடுகளும் நேர்ப்படும். ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சியாகி, ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் ஆலைகளால் நிறைந்துவரும் தமிழ்நாட்டில், இவ்வாசிப்பு பிறர் வரலாறாக நின்றுவிடாது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீரை யார் குடிக்கிறார்கள், பெருங்குடியின் குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கும் மாணவருக்கு, பவனாக் கரையிலிருந்து ஒரு முன்னோடிக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.