க்ளோசபைன் மருந்தாய்வு (1988)

க்ளோசபைன் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்து. ஐரோப்பாவில் உயிர்ப்பலி வாங்கியதால் பல நாடுகளில் கைவிடப்பட்ட இம்மருந்து, 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருந்தாய்வின் வழியாக மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

பின்னணி

1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜீன் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசைனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். அதை ஒட்டி வந்த மருந்துகள் பலவும் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கின. விறைப்பு வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றே மருத்துவர்கள் பலர் எண்ணினர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் நிறுவனம் 1950-களின் இறுதியில் உருவாக்கிய க்ளோசபைன் விறைப்பைத் தரவில்லை. விந்தையாக, அந்த நல்ல குணமே அதன்மேல் ஐயத்தை எழுப்பியது.

1975-ல் ஃபின்லாந்தில் இம்மருந்தை உட்கொண்ட சிலருக்கு இரத்த வெள்ளையணுக்கள் திடீரெனக் குறைந்தன. தொற்று ஏற்பட்டு 8 பேர் இறந்தனர். பல நாடுகளில் விற்பனை நின்றது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் சில நோயாளிகளின் நிலை மிக மோசமானது. வேறெதுவும் பயன்தராதவர்களுக்கு மட்டும், இரத்தப் பரிசோதனையுடன், ஆங்காங்கே இது தொடர்ந்து தரப்பட்டது.

ஆய்வு

உயிருக்கு ஆபத்தான மருந்தை யாரிடம் சோதிப்பது? ஜான் கேன் தலைமையிலான குழு, குறைந்தது மூன்று மருந்துகளில் குணமடையாதவர்களை மட்டும் தேர்ந்தது. அவர்களுக்கு முதலில் 6 வாரம் ஹாலோபெரிடால் தரப்பட்டது. அதில் தேறிய மிகச் சிலர் விலக்கப்பட்டனர். எஞ்சிய 268 பேர், 16 மருத்துவமனைகளில், குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஒரு பிரிவுக்கு க்ளோசபைன், மற்றதற்குக் குளோர்புரோமசைன். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. குளோர்புரோமசைன் எடுத்தவர்களுக்கு நடுக்கத்தைத் தடுக்கும் பென்ஸ்ட்ரோபினும் சேர்த்துத் தரப்பட்டது. இல்லையேல் நடுக்கத்தை வைத்தே மருத்துவர் மருந்தை ஊகித்துவிடக்கூடும். க்ளோசபைன் உமிழ்நீரைப் பெருக்கும் என்பதால் இந்த மறைப்பு முழுமையானது என்று சொல்ல முடியாது.

6 வார முடிவில் க்ளோசபைன் பிரிவில் 30 விழுக்காட்டினர் தேறினர். மற்றப் பிரிவில் 4 விழுக்காட்டினரே.

பின்விளைவு

1989-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. வாராவாரம் இரத்தப் பரிசோதனை கட்டாயம். வாண்டரை முன்பே வாங்கியிருந்த சாண்டோஸ் நிறுவனம் மருந்தையும் பரிசோதனையையும் ஒரே தொகுப்பாக, ஆண்டுக்குச் சுமார் 9,000 டாலருக்கு விற்றது. ஏழை நோயாளிகளுக்கு எட்டாத விலை. மாநில அரசுகள் வழக்குத் தொடுத்தபின் தொகுப்பு பிரிக்கப்பட்டது.

1993-ல் வெளியான கணக்கின்படி, மருந்து எடுத்த 11,555 பேரில் 73 பேருக்கு வெள்ளையணுக் குறைவு வந்தது; இறந்தவர்கள் 2 பேர். பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் மருந்து என்ற விதியை அமெரிக்க நிர்வாகம் 2025-ல் தளர்த்தியது. பரிசோதனை செய்யும்படி மருத்துவர்களுக்கு வழங்கப்படும் பரிந்துரை மட்டும் நீடிக்கிறது.