1802: கோலார் எல்லையில் ஒரு பயணமும் பெயர் எழுதப்படாத வழிகாட்டிகளும்

2024இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வெளியான பிறகு கோலார் தங்கவயலின் தொடக்கம் குறித்துத் தமிழில் நிறையப் பேசப்பட்டது. வெள்ளை அதிகாரி ஒருவரும் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் மக்கள் சிலரும் காடும் மலையும் கடந்து பொன் தேடிச் செல்லும் அந்தப் பயணம் கற்பனையே. ஆயினும் அந்தக் கற்பனைக்கு அடியில் ஏடுகளில் பதிவான ஒரு பயணம் இருக்கிறது. அது 1802இல் நடந்தது. அதை மேற்கொண்டவர்கள் பொன் தேடிப் புறப்படவில்லை. எல்லை அளக்கப் புறப்பட்டவர்கள். திரைப்படத்தைப் பற்றிய விவாதங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின் அவரது நாடு பங்கிடப்பட்டது. எஞ்சிய மைசூர், சிறுவனாக இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மைசூருக்குக் கிழக்கே கிடந்த பாராமகால் 1792இலேயே கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடும் போயிற்று. ஆகவே மைசூரின் கிழக்கு விளிம்பு முழுவதும் கம்பெனி நிலத்தோடு நேராக உரசும் எல்லையாயிற்று. எந்த ஏரி எவருக்கு, எந்தக் குன்று வரை எவர் வரி தண்டலாம் என்பதைத் தீர்க்க வரைபடம் வேண்டியிருந்தது. காலின் மெக்கன்சியின் தலைமையில் நடந்த மைசூர் அளவையின் பணி இதுதான். அதில் துணை அளவையாளராக இருந்தவர் 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜான் வாரன். கிழக்கெல்லை அவர் பொறுப்பில் வந்தது.

வாரன் ஆங்கிலேயர் அல்லர். பிரான்சில் குடியேறிய அயர்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில் 1769இல் பிறந்தவர்; பிரெஞ்சுப் புரட்சியால் நாடு துறந்தவர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் பிரித்தானியப் படைச்சீருடையில், உடையார் நாட்டுக்கும் கம்பெனி நாட்டுக்கும் நடுவே கோடு கிழிக்கச் சென்றார் என்பதே அக்காலத்து அரசியலைப் பற்றிப் பலவற்றைச் சொல்லும்.

அவர் சென்ற நிலம் எளிதில் கடக்கக்கூடியதன்று. கோலார்ப் பகுதி கடல்மட்டத்துக்குச் சுமார் 850 முதல் 900 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மேட்டுநிலம். கிழக்கிலும் தெற்கிலும் அது குன்றுகளாக உடைந்து, வாணியம்பாடியை நோக்கிச் சரிந்து, பாதிக்கும் குறைவான உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சரிவினூடே வழி வெட்டிக்கொண்டு போவது பாலாறு. நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, ஆந்திரப் பகுதியைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆற்றின் பள்ளத்தாக்குதான் மேட்டுநிலத்தையும் வட ஆர்க்காட்டுச் சமவெளியையும் காலங்காலமாக இணைத்த பாதை. ஆறு வறண்டிருக்கும் மாதங்களில் அதன் மணற்படுகையே சாலையாகும். இன்று சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை இதே சரிவில்தான் மூச்சிரைத்து ஏறுகிறது.

தொலைவான மூலை என்று இதைச் சொல்வது தலைநகரங்களிலிருந்து பார்ப்பவர்களின் பேச்சு. சோழர் காலத்தில் இது நிகரிலிசோழ மண்டலத்தின் பகுதி. கோலார் அன்று குவளாலம். கோலாரம்மன் கோயிலிலும் சுற்றுவட்டத்திலும் கிடைக்கும் தமிழ்க் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இல் வெளியான எபிகிராபியா கர்நாடிகாவின் பத்தாம் தொகுதியில் பதிப்பித்தார். தமிழ் இங்கே சுரங்கத் தொழிலாளரோடு வந்திறங்கிய மொழி என்று இன்றும் எழுதுகிறவர்கள் அந்தத் தொகுதியை ஒருமுறையேனும் புரட்டியிருக்கலாம்.

ஊர்ப்பெயர்களும் இதையே சொல்கின்றன. எர்ரகொண்டா எனும் குன்றின் பெயர் தெலுங்கு. செங்குன்று என்பது பொருள். ஹைதர் அலி பிறந்த ஊராகிய பூதிக்கோட்டையின் பெயரைக் கன்னடம் பேசுவோர் சாம்பற்கோட்டை என்று பிரிப்பர். மாரிகுப்பத்தின் குப்பம் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் மூன்று மொழிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்த இடத்தில்தான் வாரன் எல்லைக்கோடு தேடினார். மொழியை வைத்துக் கோடு கிழிக்க முற்பட்டிருந்தால் அவர் எந்த ஊரிலும் கூடாரத்தைக் கழற்றியிருக்க முடியாது.

அளவையாளர் தனித்துப் பயணம் செய்தவர் அல்லர். அக்கால அளவைக் குழுவில் சங்கிலி இழுப்போர், கொடி பிடிப்போர், கூடாரம் சுமக்கும் லஸ்கர்கள், மொழிபெயர்க்கும் துபாஷிகள், ஊருக்கு ஊர் மாறும் வழிகாட்டிகள் எனப் பலர் இருந்தனர். பாதை தெரிந்தவர், தண்ணீர் இருக்குமிடம் தெரிந்தவர், குன்றின் பெயரைச் சொல்லக்கூடியவர் அனைவரும் உள்ளூர்க்காரர்களே. வரைபடத்தின் கணிதம் வாரனுடையது. அதிலுள்ள பெயர்கள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் வாயால் சொன்னவை. மெக்கன்சி தம் துணைவர்களின் பெயரைப் பதிவு செய்தவர். 1803இல் இளம் வயதிலேயே மறைந்த காவலி வேங்கட போரய்யாவை நாம் அறிவது அதனால்தான். வழிகாட்டிகளுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

இந்தப் பயணத்தின்போதுதான் எர்ரகொண்டாவை அடுத்த நிலத்தில் மண்ணிலிருந்து பொன் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வாரனின் காதுக்கு எட்டியது. எல்லைப் பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவர் அங்கே தங்கினார். பொன் இருப்பதைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். சிற்றூர் மக்கள் மாட்டுவண்டிகளில் மண் ஏற்றி வந்து நிறுத்தினார்கள். அவர் கண்முன்னே அந்த மண்ணை நீரில் அலசி அரித்தார்கள். மண் கரைந்து ஓடியபின் பொன்துகள் அடியில் தங்கிற்று.

இந்தக் காட்சி பல நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் வாரனை நடுவில் நிறுத்தியே சொல்லப்படுகிறது. வண்டியை நடுவில் நிறுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். பரிசு அறிவித்தவுடன் ஒருவர் வண்டி பூட்டுகிறார் என்றால், எந்த வயலின் மண்ணை அள்ள வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். மேல்மண்ணா அடிமண்ணா, எந்த நிறத்து மண் என்பதும் தெரியும். அரிக்கும்போது நீரை எந்த வேகத்தில் சுழற்றினால் கனமானது தங்கும் என்பது ஒரு நாளில் கைவரும் வித்தையன்று. தமிழில் அரிப்புக்காரர் என்ற தொழிற்பெயரே உண்டு. பொற்கொல்லர் பட்டறையின் சாம்பலையும் மண்ணையும் அரித்துப் பொன்துகள் பிரிப்பவரை அது குறிக்கும். தொழிலுக்குச் சொல் இருக்கிறதென்றால் அதற்குப் பயிற்சியும் வழிமுறையும் இருந்திருக்கின்றன.

மேல்மண் அரிப்பதோடு அது நிற்கவில்லை. மாரிகுப்பத்தில் குழி தோண்டிப் பாறை எடுக்கும் வேலை நடந்ததை வாரன் விவரித்தார். உள்ளே உடைத்த கற்கள் கூடைகளில் கைமாறி மேலே வந்தன. பெண்கள் அவற்றை அகன்ற பாறைமேல் வைத்துப் பொடியாக இடித்தார்கள். பொடியை நீர்நிலைக்குக் கொண்டுபோய் மண்ணைப் போலவே அரித்தார்கள். உடைத்தல், ஏற்றுதல், இடித்தல், அரித்தல் என்ற இந்த வரிசையே எட்டுப் பத்தாண்டுகள் கழித்து நீராவி எந்திரங்களோடும் இடிப்பாலைகளோடும் அதே ஊரில் திரும்ப நடந்தது. அளவு மாறியது, வரிசை மாறவில்லை.

வாரன் கணக்கிட்டார். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் பொன். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம் அளவு. ஒரு குன்றிமணிக்கும் குறைவு. ஊராரின் முறை கரடுமுரடானது, தேர்ந்தவர் கையில் இதே நிலம் இன்னும் மிகுதியாகத் தரும் என்பது அவர் முடிவு. அவரது சிறு கட்டுரை 1804இல் அச்சேறியது.

'தேர்ந்தவர்' என்ற இடத்தில்தான் சற்று நிற்க வேண்டும். பொன் இருப்பதைக் காட்டியவர்கள், எடுத்துக் காட்டியவர்கள், எடுக்கும் முறையைக் காட்டியவர்கள் ஒருபுறம். தேர்ந்தவர்கள் மறுபுறம். கைத்திறன் ஒப்புக்கொள்ளப்படுகிறது, அறிவு மறுக்கப்படுகிறது. இதை ஒரு கட்டுரையின் தற்செயலான சொல்லாட்சி என்று தள்ளிவிடலாம். வாரன் இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு துறையில் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தள்ள இயலாது.

1805 முதல் சில ஆண்டுகள் வாரன் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். அவர் 1807இல் கணித்த சென்னையின் தீர்க்கரேகை, இந்திய நில அளவையில் ஒரு நூற்றாண்டு வரை பயன்பட்டது. நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்சுக்குத் திரும்பி, மறுபடியும் புதுச்சேரிக்கு வந்து, 1830இல் அங்கேயே இறந்தார். இடையில் 1825இல் சென்னையில் வெளியானது அவரது 'கால சங்கலிதா'. தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றிய அந்தப் பெருநூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். 1825 மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் எழுதுகோல் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களின் துணையால் கணித்தார். தொடக்கத்தைச் சில நிமிட வேறுபாட்டிலேயே சொல்லிவிட்டார். ஓட்டோ நாய்கெபாயர் 1952இல் இந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, பாபிலோனிய வானியலின் முறைகளோடு ஒப்பிட்டதால் அது உலக அறிவியல் வரலாற்றில் இடம் பெற்றது.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்குப் பெயர் உண்டு. வாரன் அவரை 'சாமி நாடன் சஷியா' என்று எழுதினார். சாமிநாத சேஷய்யா என்பதன் சிதைவாக இருக்கலாம். பெயர் தந்த அதே இடத்தில் வாரன் ஒரு தீர்ப்பும் தந்தார்: அவருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் மிகுதி. கோலாரின் மண் அரித்தவர்களுக்குக் கிடைத்த அதே தீர்ப்பு இது. வேறுபாடு ஒன்றே. சோழி பரப்பியவரின் பெயர் ஏட்டில் ஏறிற்று. கல் இடித்த பெண்களின் பெயர் கோலாரின் வரலாற்றில் எங்கும் நிலைக்கவில்லை. ஒருவர் கையில் இருந்தது ஏட்டுக்கல்வியின் மரபு, மற்றவர் கையில் இருந்தது உடலுழைப்பின் மரபு என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வாரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியாகாது. கம்பெனிகள் வருவதற்கு முன்பே மாரிகுப்பத்து மக்கள் பாறையிலிருந்து பொன் பிரித்தார்கள் என்று இன்று ஆவணத்தோடு சொல்ல முடிவது அவர் எழுதிவைத்ததனால்தான். பின்னால் வந்தவர்கள் அந்த அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை. பழைய குழிகளில் இறங்கித் தேடியவர்கள் விபத்துகளில் சிக்கியதால் 1859இல் நிலத்தடித் தோண்டலுக்கே தடை வந்தது.

1871இல் பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஓய்வில் இருந்த அயர்லாந்துப் படைவீரர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல், வாரனின் பழைய கட்டுரையைப் படித்துவிட்டுச் சுமார் 60 மைல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் பயணமானார். இருப்புப்பாதை வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்த காலத்தில் மாட்டுவண்டி! காரணம் எளிது: அவர் தேடிய குழிகள் நிலையத்தருகில் இல்லை. வண்டிக்கு வண்டிக்காரர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் யாரென்று கோலாரின் கதை சொல்வதில்லை. லவெலுக்கு 1875இல் இருபதாண்டுக் குத்தகை கிடைத்தது. பணம் போதாமல் அதைக் கைமாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தபின் நடந்தவை பலரும் அறிந்தவை: 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம், மூன்று கிலோமீட்டர் ஆழத்தை எட்டிய சாம்பியன் ரீஃப், 2001 பிப்ரவரி 28இல் மூடல்.

அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் தலித் மக்களே மிகுதி. வட ஆர்க்காட்டிலிருந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஏறியவர்கள் 1802இன் அளவைக் குழு கண்ட அதே குன்றுகளைக் கண்டபடி வந்தார்கள். சவுக்கையும் கூடையும் சுமந்து வந்தவர்கள் என்றே கம்பெனிப் பேரேடுகள் அவர்களை எண்ணின. ஆனால் இம்முறை எழுதும் வேலையை அவர்கள் பிறருக்கு விட்டுவைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அவருடைய எழுத்துகள் நூல்களாகத் தங்கவயலின் சித்தார்த்தா அச்சகத்தில் அச்சாயின. 1907இல் சென்னை இராயப்பேட்டையில் அவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழ், 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று.