சாக்கடையும் சரித்திரமும்

நகரசபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பொழுதுபோக்காக எடுத்துப் படித்தவர்கள் யாராவது உண்டா? எந்த ஊர்க் குறிப்பை எடுத்தாலும் சமாசாரம் ஒன்றுதான். இன்ன தெருவில் விளக்கு எரியவில்லை. இன்ன சந்தில் சாக்கடை தூர்ந்து கிடக்கிறது. மீன் அங்காடிக் குத்தகை யாருக்கு? சுடுகாட்டுப் பாதைக்குக் கப்பி போடுவதா, அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பதா? வாசிக்கப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது, கூட்டம் கலைந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன ருசி இருக்க முடியும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

மற்ற ஊர்களைப் பற்றி நான் வாதாடத் தயாரில்லை. ஆனால் புதுச்சேரி விஷயம் வேறு. ஒரு பூமி ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கை மாறவேண்டுமானால் யுத்தம் வேண்டும், அல்லது ராஜாக்களும் மந்திரிகளும் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சரித்திரப் புத்தகங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். புதுச்சேரியில் அந்த ஓட்டைப் போட்டவர்களில் பெரும்பாலோர் விளக்குக்கும் சாக்கடைக்கும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது முத்தியால்பேட்டையில். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்குவார்கள், வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையடித்த வீடுகளைப் பார்ப்பார்கள், திரும்பி விடுவார்கள். ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலையைத் தாண்டி வடக்கே போனால் முத்தியால்பேட்டை. சென்னையிலும் அந்தப் பெயரில் ஒரு பேட்டை உண்டு, இது அதல்ல. இங்கே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதைச் சுற்றிய தெருக்கள் ஒரு காலத்தில் தறிச் சத்தத்தால் நிறைந்திருந்தவை. புதுவையில் நெய்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு, செனகாலுக்குப் போயிற்று. அங்கே அந்தத் துணியைப் பணத்துக்குப் பதிலாகவே வாங்கிக் கொண்டார்களாம். நெய்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்காதீர்கள். எந்த ஊர் நெசவாளிக்கு என்ன மிஞ்சியிருக்கிறது?

அந்த நெசவாளியின் தெருவைக் கூட்டுவது யார், விளக்குப் போடுவது யார் என்பதில் அவனுக்கு வெகு காலம் வாய் கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் தெரியும். துய்ப்ளேக்ஸ் துரை காலத்தில் ஊர்க் காவலுக்கு நயினார், வழக்குக்குச் சாவடி, உத்தரவு சொல்லத் தமுக்கு. கோட்டையிலிருந்து உத்தரவு வரும், தெருவில் தமுக்கு அடிக்கும், ஜனங்கள் கேட்டுக் கொள்வார்கள். நூறு வருஷம் கழித்தும் முறை மாறவில்லை. நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்த கதை அதற்கு உதாரணம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமெரெஸ் என்ற என்ஜினீயர் முத்திரப்பாளையத்து ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டு வந்தார். அதன் ஞாபகமாக எழுந்ததுதான் ஆயி மண்டபம். நல்ல காரியந்தான். ஆனால் கொடுத்தது சக்கரவர்த்தியின் சர்க்கார். ஜனங்கள் வாங்கிக் குடித்தார்கள், அவ்வளவுதான்.

1880-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி பாரிஸில் ஓர் ஆணை பிறந்தது. பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு முனிசிபல் கவுன்சிலும் அதற்குத் தலைவராக ஒரு மேயரும் இருக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. மேயரைப் புதுவைக்காரர்கள் ‘மேர்’ என்பார்கள். அவருடைய அலுவலகம் ‘மேரி’. ரிப்பன் பிரபு இந்தியாவில் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1882-ல். அதாவது நாம் பாடப் புத்தகத்தில் போற்றிப் படித்ததற்கு இரண்டு வருஷம் முந்தியே புதுச்சேரி முந்திக் கொண்டது. அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. இங்கே வயது வந்த ஆண் எவனுக்கும் ஓட்டு. முத்தியால்பேட்டையில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டிருந்தவனும் ஓட்டர்!

உடனே கை தட்டி விட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் சமத்துவத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். சாவியைத் தாங்களே வைத்துக் கொண்டார்கள். ஐரோப்பியர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் ஒரு பட்டியல். இந்தியர்கள் வேறு பட்டியல். முதல் பட்டியலில் சில நூறு பேர். இரண்டாவதில் பல்லாயிரம் பேர். ஸ்தானங்களோ தலைக் கணக்குக்குச் சற்றும் பொருந்தாத விதத்தில் பங்கிடப்பட்டன. நடுவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. சொந்த சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் கொண்ட தமிழர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நீதிமன்றத்துக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, 1873-ல் தொடங்கிய அந்த வழக்கைப் பாரிஸ் வரை கொண்டு போய் ஜெயித்தாரே வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு முன்னோடி. அவர்களுக்காக 1884-ல் மூன்றாவது பட்டியல் பிறந்தது. 1899-ல் அது மறைந்து மறுபடி இரண்டாயிற்று. இந்தப் பட்டியல் சண்டையிலேயே ஒரு தலைமுறை கழிந்தது. எதிர்த் தரப்பில் ஜாதி ஆசாரத்தைக் கட்டிக் காத்து நின்ற சண்முக வேலாயுத முதலியார் பல வருஷம் புதுவை அரசியலைத் தம் விரலசைவில் வைத்திருந்தார். தேர்தல் நாளில் தடியர்கள் சாவடியைச் சூழ்வதும், வராதவர்கள் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு ஏறுவதும் அந்நாளைய வழக்கம். கவர்னர் கவுன்சிலைக் கலைப்பதும் உண்டு. ஆக, ஓட்டு கிடைத்தது. ஓட்டின் மரியாதை கிடைக்கவில்லை.

இருந்தாலும் மேரி என்ற கட்டடத்துக்குள் ஜனங்களின் வாழ்க்கை புகுந்து விட்டது. கடற்கரையில் 1870-களின் ஆரம்பத்தில் கட்டிய கம்பீரமான மாளிகை அது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கே பேரேட்டில் ஏறவேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் மேர் முன்னால் நின்று கையெழுத்திட்டால்தான் கல்யாணம். புரோகிதர் கட்டி வைத்த தாலியைவிட மேரியின் மைக்கூட்டுக்கு அங்கே பலம் அதிகம். இந்தப் பேரேடுகளின் அருமை 1962-க்குப் பிறகுதான் பலருக்கு உறைத்தது. புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அந்த ஆகஸ்டு 16-ந் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், வேண்டுமென்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கொள்ளலாம் என்று ஒப்பந்தம். சில ஆயிரம் பேர் அப்படித் தேர்ந்து கொண்டார்கள். அதற்கப்புறம் பிள்ளைக்கும் பேரனுக்கும் உரிமை உண்டா என்பது, எப்போதோ ஒரு குமாஸ்தா சாய்ந்த எழுத்தில் எழுதி வைத்த ஒரு வரியைப் பொறுத்ததாயிற்று. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீடுகளில் பிறப்புச் சான்றிதழை அலமாரியில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகு புதுவை அரசியல் சில பிரபுக்களின் வீட்டுத் திண்ணையில் அடங்கி இருக்கவில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு பட்டியல் முறை ஒழிந்து, ஆண் பெண் எல்லோரும் ஒரே ஓட்டர் ஆனார்கள். 1946 ஜூன் மாதம் நடந்த முனிசிபல் தேர்தலில், சுப்பையா முன் நின்று நடத்திய தேசிய ஜனநாயக முன்னணி பெருவாரியாக ஜெயித்தது. 66 வருஷம் காத்திருந்து முத்தியால்பேட்டைக்காரன் முதல் தடவையாக உண்மையான ஓட்டுப் போட்டான் என்று நான் எழுதத் துணிவேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எந்த நாட்டோடு இருப்பது என்பதை ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும், எப்போது, எப்படி என்பதை முனிசிபல் கவுன்சில்கள் சொல்லட்டும். பார்த்தீர்களா, சாக்கடைக் கவுன்சிலுக்கு வந்த அந்தஸ்தை! இப்படி ஒரு காரியம் கைக்கு வருகிறது என்றதும் அந்த அக்டோபர் தேர்தலில் எல்லாக் கட்சிகளும் கவுன்சில் நாற்காலிக்குப் பாய்ந்தன. அடிதடியும் புரட்டும் பழைய காலத்தைத் தோற்கடித்தன. எதுவார் குபேரின் சோஷலிஸ்டு கட்சி புதுவையில் வென்றது. அன்று அது பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்த கட்சி. வங்காளத்துச் சந்திரநாகூர் மட்டும் 1949 ஜூன் 19-ந் தேதி சொன்னபடி ஓட்டெடுத்தது. இந்தியாவுக்கு ஏழாயிரத்துக்கு மேல், பிரான்சுக்கு 114. புதுவைக்கு அதே வருஷம் டிசம்பர் 11 என்று நாள் குறித்தார்கள். நாள் வந்தது, போயிற்று. ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை.

பிறகு என்ன நடந்தது என்பதில்தான் ஒரு நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது. இந்திய சர்க்கார் எல்லையில் சுங்கக் காவலை இறுக்கிற்று. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் இந்தியா என்று சதுரங்கப் பலகையாகக் கிடக்கும் பூமி அது. அரிசி வர வேண்டும், பஞ்சு வர வேண்டும், ஆலைக்கு நிலக்கரி வர வேண்டும். தெருவில் கவுன்சிலரை நிறுத்தி, ‘அண்ணே, என்னதான் ஆகும்?’ என்று ஜனங்கள் கேட்டிருப்பார்கள், கேளாமல் விடுவார்களா? குபேருக்கும் பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் பிணக்கு முற்றியது. 1954 மார்ச் 18-ந் தேதி புதுச்சேரி மேயர் முத்துப்பிள்ளையும் சுற்றியுள்ள ஏழு கொம்யூன் மேயர்களும் ஜனங்களின் ஓட்டெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். நேற்று வரை பிரெஞ்சு விசுவாசி, இன்று தேசபக்தரா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் மனம் மாறுகிறவர்களை எல்லாம் சரித்திரத்திலிருந்து தள்ளி விட்டால் மிச்சம் எத்தனை பேர் நிற்பார்கள்?

அக்டோபர் 18-ந் தேதி, நகரத்துக்கு வெளியே கீழூர் என்ற சிற்றூரில், சட்டமன்றப் பிரதிநிதிகளும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். சேர வேண்டும் என்றவர்கள் 170. வேண்டாம் என்றவர்கள் 8. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. கீழூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஆகஸ்டு 16-ந் தேதி அங்கே கொடியேற்றுகிறார்கள்.

ஊர் ஜனங்கள் அத்தனை பேரையும் கேட்காமல் 178 பேரைக் கேட்டது சரியா? சரியல்ல என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு முழு விரோதம் இல்லை. 1948 தேர்தல் எப்படி நடந்தது என்று தெரிந்த பிறகு, அதில் வந்தவர்களின் ஓட்டைச் சுத்தத் தங்கம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று. மந்திரி எங்கோ இருக்கிறார். கவுன்சிலர் மறுநாள் காலை தன் தெரு வழியாகத்தான் நடந்து போக வேண்டும். கீழூரிலிருந்து திரும்பி வந்த 170 பேரும் அந்த 8 பேரும் அப்படித்தான் நடந்து போயிருப்பார்கள். அந்த எட்டுப் பேரை எண்ணித்தான் என் மனம் அதிகம் அலைகிறது. ஊரே ஒரு பக்கம் போகும்போது மறு பக்கம் கை காட்டிவிட்டு, அன்று மாலை அவர்கள் எந்தத் தெருவழியாக வீட்டுக்குப் போனார்கள்?

கொடி மாறியது, ஆனால் 1880 ஆணை சட்டென்று மாறவில்லை. 1973-ல் புதிய முனிசிபல் சட்டம் இயற்றி, 1974-ல் அமலுக்குக் கொண்டு வரும் வரையில், சுதந்திர இந்தியாவின் புதுவையைப் பாரிஸின் பழைய காகிதமே ஆண்டது. கிராமப் புறங்களுக்கு இன்னும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் பெயர். பிரெஞ்சும் தமிழும் கை கோத்த இந்தப் பெயர் வேறெங்கும் கிடைக்காது. சட்டம் புதிதாயிற்று, தேர்தலைத்தான் காணோம். 1968-ல் முனிசிபல் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006-ல்! முப்பத்தெட்டு வருஷம். 1968-ல் பிறந்த குழந்தை, தன் தெருவுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்காமலே தலை நரைக்கத் தொடங்கி விட்டது. 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. மறுபடி அதிகாரிகள் கையில் ஊர்.

காரணம் கேட்டால் வார்டுப் பிரிவினை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று பட்டியல் சொல்வார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இன்னும் எளியது. இந்தச் சின்னப் பிரதேசத்துக்கு 30 சட்டமன்றத் தொகுதிகள். முத்தியால்பேட்டையே ஒரு தொகுதி. காலை இட்டிலிக்கு முன் கால்நடையாகச் சுற்றி வந்து விடலாம். விளக்கு எரியவில்லை என்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போகிறார்கள்; சாக்கடை நிரம்பினாலும் அங்கேதான். அவரும் நன்றியைத் தாமே வாங்கிக் கொள்கிறார். நடுவில் ஒரு கவுன்சிலர் வந்து நிற்பதை யார் விரும்புவார்கள்? ஒரு தேசத்தின் தலைவிதிக்கு ஓட்டுப் போட்ட நாற்காலி, தெருவிளக்குக்குக்கூடத் தேவையில்லை என்றாகி விட்டது.

கடற்கரை மேரி மாளிகை 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அந்த வருஷமே நகராட்சித் தேர்தலுக்கு அறிவிப்பும் வந்தது. வார்டு ஒதுக்கீட்டுத் தகராறு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று, தேர்தல் நின்றது.