முதல் மண்ணும் மீதி மண்ணும்



பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்றொரு சிறிய புகையிரதப் பாதை உண்டு. மலையில் வெட்டிய கற்பலகைகளை இறக்குவதற்காக 1865 இல் தொடங்கப்பட்டது. உரிமையாளர் 1950 இல் இறந்தபோது பாதையும் மூடப்படவிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பேர்மிங்ஹாமில் கூடிய ஆர்வலர்கள் அதைத் தாமே ஏற்றனர். 1951 மே 14 இல் வண்டி மீண்டும் ஓடியது. தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய உலகின் முதலாவது பாதை அதுவே.

இன்று பல நாடுகளில் அத்தகைய தொண்டர்கள் இருக்கிறார்கள். விழா நெருங்கும்போது பழைய பெட்டிகளின் துருவைச் சுரண்டுகிறார்கள். உக்கிய பலகையை மாற்றுகிறார்கள். அச்சுக்கு எண்ணெய் இடுகிறார்கள். அழிந்த இலக்கங்களைப் பழைய எழுத்திலேயே மீண்டும் தீட்டுகிறார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது, தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், நம்ம பாதைய வெட்டுனவங்க பேர யாரு எழுதுவாங்க?" என்றாள்.

நம்முடைய பாதைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். 1858 ஆகஸ்ட் 3 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசெம்பர் 27 இல் முதல் வண்டி அம்பேபுசவை அடைந்தது. 1867 இல் கண்டிக்கு வந்தது. அதுவரை மாட்டு வண்டியில் இறங்கிய கோப்பி, அதன்பின் புகையிரதத்தில் இறங்கியது. முதல் மண்ணை வெட்டியவரின் பெயர் ஏட்டில் நிற்கிறது. மீதி மண்ணை வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் எங்கே?

நூற்றைம்பதாம் ஆண்டை ஒட்டி, 2014 டிசெம்பர் 27 இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே பழைய இயந்திரங்களையும் பெட்டிகளையும் இன்றும் பார்க்கலாம். இரும்பைக் காக்க இடம் கிடைத்துவிட்டது. சொல்லைக் காப்பது தமிழ் கற்பிக்கும் என் போன்றோரின் தொண்டு அல்லவா? சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தது அத்தகைய தொண்டுதான்.

"உன் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வா" என்றேன். மறுவாரம் அரைப்பக்கம் கொண்டுவந்தாள். 'கோச்சி ரோட்டுல கல்லு ஒடச்ச பாட்டன்' என்று தொடங்கியது. பெயர் தெரியவில்லை; ஆனால் அவர் பிறந்த ஊர் திருச்சிப் பக்கம் என்றிருந்தது. குண்டசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை இரண்டு முறை வாசித்தேன். நான் திருத்தவில்லை. 'கோச்சி' என்ற சொல்லை 'புகையிரதம்' என்று மாற்ற எனக்கு மனம் வரவில்லை.